கரண்டக்காவின் வலது தோள்

காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றுவேன். சமையலறை விளக்கின் சுவிட்சைப் போட்டால் அது மூன்று முறை சிமிட்டி, அணைந்து, போனால் போகிறது என்று எரியும். எரியும்போதும் நடுங்கும். அந்த வெளிச்சத்தில் இரண்டு டம்ளர் டீ போடுவேன். அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றுவேன். நான்கு முட்டை வேகவைப்பேன். ஆறேகாலுக்கு அத்தை எழுந்து வருவார். முதலில் விளக்கைப் பார்ப்பார். பிறகு டீயை. பிறகு என்னை.

அத்தை என் மனைவியின் அம்மா. மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. வேலைக்குப் போகும் வழியில், சாலையைக் கடக்கும்போது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

அத்தை எலக்ட்ரீஷியன். முப்பத்தொரு வருஷமாக வீட்டு ஒயரிங் வேலை. மாமாவுக்குச் சுவர் வெட்டிக் கொடுக்கப் போனவர், மாமா காலமானதும் அவருடைய டெஸ்டரைத் தன் பையில் செருகிக்கொண்டார். பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கினார். அந்தப் பகுதியில் அவருடைய பெயர் பலருக்குத் தெரியாது. கரண்டக்கா என்றால் போதும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு துணிக்கடையில் பன்னிரண்டு கிலோ கண்ணாடித் தொங்குவிளக்கை மாட்டிக்கொண்டிருந்தபோது கூரைக் கொக்கி பெயர்ந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கையை விட்டிருப்பார்கள். அத்தை விடவில்லை. வலது கையால் தாங்கி, இடது கையால் நெஞ்சோடு அணைத்து, ஏணியில் ஆறு படி இறங்கினார். தோளுக்குள் துணி கிழிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“லைட்டு முழுசா இருக்கு மாப்ளே,” என்றார்.

மகளின் காரியம் முடிந்தபிறகு அவர் என் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. அன்றுதான் கூட்டி வந்தேன்.

வந்த மறுநாள் காலையிலேயே சமையலறையில் நின்று மேலே பார்த்தார்.

“எத்தன நாளா இப்படிக் கண்ணடிக்குது?”

“ரொம்ப நாளா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? கோளாறு பல்புல இல்ல. கூரைப் பெட்டிக்குள்ள கனெக்‌ஷன் லூஸு. பத்து நிமிஷ வேல.” வலது கையைத் தூக்கப் பார்த்தார். இடுப்புக்கு மேல் வரவில்லை. “ரெண்டு கையும் தலைக்கு மேல போகணுமே. ம்.”

“வேற ஆளக் கூப்பிடட்டுமா?”

“நான் உசுரோட இருக்கும்போதா? கரண்டக்கா இருக்கிற வீட்ல இன்னொருத்தன் ஏணி போட்டான்னு ஊரே சிரிக்கும். நீங்க ஏறுங்க, நான் கீழேருந்து சொல்றேன்.”

“நான் தொட மாட்டேன் அத்தை.”

“பயமா?”

நான் முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன்.

“படிச்ச புள்ளைங்களுக்கே இந்த பயம் ஜாஸ்தி,” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு போனார்.

முதல் டாக்டர் எங்கள் தெருமுனையில் இருந்தார். எலும்பு டாக்டர்தான். “கையத் தூக்குங்கம்மா,” என்றார். அத்தை தூக்கினார். முழுக்கத் தூக்கினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று காலைகூடத் தலை சீவ முடியாமல், சீப்பைப் பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து குனிந்து சீப்பில் தேய்த்தவர் அவர். டாக்டர் சவ்வு வீக்கம் என்று மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “எப்படி அத்தை தூக்கினீங்க?”

“இடுப்ப இந்தப் பக்கம் சாய்ச்சு, தோள்பட்டைய மேல ஏத்தி, ஒரு வீச்சு. அவ்வளவுதான்.”

“வலிக்கலயா?”

“உசுரு போச்சு.”

“அப்புறம் ஏன்?”

“தூக்குன்னு ஒருத்தர் சொல்லும்போது எப்படி மாப்ளே தூக்காம நிக்கிறது?”

மூன்று வாரம் மாத்திரையில் போயிற்று. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. நான் பிடிவாதமாக ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனேன். முடிவு வந்தது. தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் நான்கு தசைநார்களில் மேலே இருப்பது எலும்பிலிருந்து முழுதாகக் கிழிந்து விலகியிருந்தது.

நான் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததை ஒரு பெரிய தாளில் வரைந்தேன். பந்து, கிண்ணம், மேலே எலும்புக் கூரை, நடுவே நாலு நார். அன்று சாயங்காலம் மழை. அத்தையோடு இருபது வருஷம் வேலை செய்த ஒயர்மேன் ஒருவர் பார்க்க வந்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஏணி இல்லாமலே பாதி வேலையை முடிப்பார் என்று அத்தைக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

“ஆபரேஷன் எல்லாம் வேணாம்க்கா,” என்றார் நெட்டை. “எங்க மச்சானுக்குத் தோள இங்கேருந்து இங்க வரைக்கும் பொளந்துட்டாங்க. சுண்டக்கா மாதிரி சுருங்கிப்போனான்.”

“உங்க மச்சான் அதுக்கு முன்னாடி மட்டும் பூசணிக்காயாவா இருந்தான்?”

“இல்லக்கா, கத்தின்னா...”

“கத்தி இல்லண்ணே,” என்றேன். தாளை விரித்தேன். “இது சாவித்துவார ஆபரேஷன். பேனா மொனை அளவுக்கு மூணு, நாலு ஓட்டை. ஒரு ஓட்டை வழியா கேமரா. உள்ள உப்புத்தண்ணி விட்டு எடத்தப் பெருசாக்கி, டிவியில பாத்துக்கிட்டே வேல செய்வாங்க. கிழிஞ்ச நார இழுத்து, எலும்புல சின்னச் சின்ன நங்கூரம் அடிச்சு, அதுல நூல் கோத்துக் கட்டிடுவாங்க.”

அத்தை தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். கட்டட ஒயரிங் படத்தைப் பார்ப்பதுபோலவே இடது ஓரத்திலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“நங்கூரம்னா கப்பலுக்கா?”

“பேர்தான் அது.”

“பேரு என்னவோ இருக்கட்டும். ஓட்டை போட்டு, பிளக் அடிச்சு, அதுல மாட்றாங்க. அதானே?”

“அதான்.”

“சுவத்த ஒடைக்காம, பைப்புக்குள்ள ஸ்பிரிங் விட்டு ஒயர் இழுக்கிறது. அதானே?”

“அதான் அத்தை.”

அத்தை நெட்டையைப் பார்த்தார். “நம்ம வேலதான்டா. நம்ம வேலைய ஆஸ்பத்திரியில வெச்சு செய்றான்.” சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். எலும்பு டாக்டர்கள் எல்லோரும் அவரிடம் தொழில் கற்றுப்போனவர்கள் மாதிரி.

“பிளக் பிடிக்கணுமேக்கா. பொத பொதன்னு இருக்கிற சுவத்துல எந்த பிளக் பிடிக்கும்?” என்றார் நெட்டை.

“இவன் கேக்குறது நியாயமான கேள்வி,” என்றார் அத்தை. “எழுதிக்கோங்க மாப்ளே.”

எழுதிக்கொண்டேன். எலும்பின் பலம். நார் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது. சதை கொழுப்பாகிவிட்டதா. ஆபரேஷன் இல்லாமல் பயிற்சியிலேயே தேறுமா. யார் கையால் செய்வார்கள். வருஷத்துக்கு எத்தனை தோள். எப்போது தலைக்கு மேல் வேலை செய்யலாம்.

“கடைசிக் கேள்விய மொதல்ல போடுங்க,” என்றார் அத்தை.

இரண்டாவது டாக்டருக்குப் பெரிய மருத்துவமனை. வரவேற்பறையில் மீன்தொட்டி. ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து, பத்து விநாடி பார்த்து, “நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க. ஒரு மாசத்துல ஏணி ஏறலாம்,” என்றார். என் தாளில் இருந்த எதையும் கேட்க விடவில்லை. அத்தை மட்டும் ஒன்று கேட்டார்.

“சார், உங்க கையில சரியா வராமப் போன தோளு ஏதாவது இருக்கா?”

டாக்டர் சிரித்தார். “எங்கிட்ட அப்படி எதுவும் நடந்ததே இல்லம்மா.”

அத்தை எழுந்து கும்பிட்டார். வாசலுக்கு வந்ததும் சொன்னார்: “புதுசா ஒருத்தன் வேலைக்கு வந்தா நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். கடைசியா எப்ப ஷாக் வாங்கினன்னு. வாங்கினதே இல்லன்னு சொல்றவன் கையில ஏணியக் குடுக்க மாட்டேன். ஒண்ணு பொய் சொல்றான், இல்ல வேல செஞ்சதில்ல.”

“டாக்டரையும் அப்படிப் பாக்க முடியுமா அத்தை?”

“என் தோளுக்குள்ள கைய விடப் போறவன வேற எப்படிப் பாக்கச் சொல்றீங்க?”

பஸ்ஸுக்காக நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அத்தையே வழி சொன்னார். “ஒயரிங் நல்லாப் பண்றவன் யாருன்னு வீட்டுக்காரனக் கேக்கக்கூடாது. அவனுக்கு லைட்டு எரிஞ்சாப் போதும். பின்னாலேயே வர்ற பெயிண்டரக் கேக்கணும். எங்க பூசி மறைச்சிருக்கான்னு அவனுக்குத்தான் தெரியும். தோளு ஆபரேஷனுக்குப் பின்னால யார் வருவா?”

“பிசியோதெரபிஸ்ட்.”

“அப்ப அவங்களப் போய்க் கேளுங்க.”

மூன்று பிசியோதெரபிஸ்டுகளிடம் போனேன். ஒரே கேள்வி. யார் தைத்த தோள் உங்களிடம் வரும்போது நன்றாக இருக்கிறது? மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். மூன்றாமவர் யோசித்துவிட்டு, “என் அக்காவ அவர்கிட்டதான் அனுப்பினேன்,” என்றார். அதுவும் அதே பெயர்.

அந்த டாக்டரின் அறை சிறியது. மனிதரும் சிறியவர். அத்தை உள்ளே நுழைந்ததும் மேலே பார்த்தார்.

“சார், இந்த ஃபேன் ஆடுது. ஹூக்கு தேஞ்சிருக்கு. கீழ உக்காராதீங்க.”

டாக்டர் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்திக்கொண்டார். “மூணு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன். யாரும் வரல. நீங்க...”

“எலக்ட்ரீஷியன்.”

“அப்ப தோள் கிழியாம என்ன செய்யும்? எழுந்து நில்லுங்க. கையத் தூக்குங்க.”

அத்தை இடுப்பைச் சாய்த்து, தோளை ஏற்றி, வீசினார். கை மேலே போயிற்று. டாக்டர் முன்னால் நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் போய் நின்றிருந்தார்.

“பிரமாதமா ஏமாத்துறீங்க,” என்றார். “சரி. இப்ப மெதுவா எறக்குங்க. ரொம்ப மெதுவா.”

பாதி வழியில் கை கல்லைப்போல விழுந்தது. அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் அதை நான் பார்த்தது அன்றுதான்.

“ஏறுறத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. எறங்கும்போதுதான் தெரியும்,” என்றார் டாக்டர்.

“ஏணியும் அப்படித்தான் சார்,” என்றார் அத்தை.

டாக்டர் ஸ்கேனை என்னோடு சேர்ந்து பார்த்தார். என் தாளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பென்சிலால் பதில் எழுதினார்: வயதாகித் தேய்ந்த கிழிசலாக இருந்தால் முதலில் பயிற்சிதான் சொல்லியிருப்பேன். இது அடிபட்டுக் கிழிந்தது, முழுக் கிழிசல், செய்கிற வேலையும் தலைக்கு மேல். சதை இன்னும் கெடவில்லை. ஆறு மாதம் தள்ளினால் கெடலாம். நான்தான் செய்வேன். வருஷத்துக்கு நூறுக்கு மேல். ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் கைத்தொட்டில். மூன்று மாதத்துக்குப் பிறகுதான் பலப் பயிற்சி. தலைக்கு மேல் வேலை ஆறு மாதத்துக்கு முன்னால் கிடையாது.

அத்தை மீன்தொட்டி டாக்டரிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். ஃபேன் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“போன வருஷம் ஒரு பெயிண்டர். நல்லாத்தான் தைச்சேன். நாலாவது வாரம் வலி இல்லைன்னு தொட்டில கழட்டி வாளியத் தூக்கிட்டாரு. திரும்பக் கிழிஞ்சுது. அத விடுங்க, அது அவர் பண்ணது. நான் பண்ணது ஒண்ணு இருக்கு. ஒரு டீச்சரம்மா. நார் ரொம்ப தூரம் போயிருந்துது. வராதுன்னு தெரிஞ்சும் இழுத்துக் கட்டினேன். நிக்கல. அவங்களுக்கு இன்னிக்கும் போர்டுல மேல எழுத முடியாது. தைக்காம விட்டிருக்கணும்.”

அத்தை என்னைப் பார்த்தார். “தேதி கேளுங்க மாப்ளே.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கியிருந்தார்.

“கேட்டா சொல்லணும். அது ஒரு தனி தைரியம்,” என்றார். பிறகு, “அவ கடைசியா சொன்னாளே, அம்மாவப் பாத்துக்கோங்கன்னு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்க வீட்ல வந்து உக்காந்திருக்கேன். இல்லன்னா ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு என் வீட்லயே கெடந்திருப்பேன். ஒருத்தர் பாத்துக்கிற ஆளா நான்? ஆனா அவ சொல்லிட்டாளே.”

நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்த அவளுடைய சித்தி ஒருவர், எல்லோர் முன்னாலும், “கடைசியா என்ன சொன்னா?” என்று கேட்டார். அத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்த இடத்தில் என்ன சொல்வார்களோ அதைச் சொன்னேன்.

ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அத்தை நர்ஸிடம், “இங்க கரண்ட் போனா ஜெனரேட்டர் எத்தன செகண்டுல எடுக்கும்?” என்று கேட்டுக்கொண்டே போனார். இரண்டு மணி நேரம். டாக்டர் வெளியே வந்து, “நார் இழுத்ததும் வந்துடுச்சு. ரெண்டு நங்கூரம். எலும்பு கெட்டி,” என்றார். நெட்டையிடம் போனில் சொன்னேன். “அப்ப சுவரு கெட்டிதான்,” என்று சொல்லிவிட்டு மறுமுனையில் அழுதார்.

மறுநாள் டாக்டர் கேமராவில் எடுத்த படங்களைக் கொண்டு வந்து காட்டினார். வெள்ளை எலும்பின் மேல் நீல நூல் குறுக்கும் நெடுக்குமாகப் போயிருந்தது. அத்தை கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஃபினிஷிங் நல்லாருக்கு சார்.”

டாக்டருக்குக் காது சிவந்துவிட்டது.

ஆறு வாரம் அத்தை தொட்டிலைக் கழற்றவில்லை. தூங்கும்போதும் அதோடுதான், சாய்வு நாற்காலியில். தலை சீவிவிட நான் கற்றுக்கொண்டேன். முதல் நாள் அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “டிராயிங்குல கோடு நேராப் போடுவீங்கன்னு நெனச்சேன்,” என்றார். நாலாவது வாரம் ஒரு காண்ட்ராக்டர் வந்து, வெறும் மேற்பார்வைதான், ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும் என்று கெஞ்சினார். அத்தை கதவருகிலேயே நின்று பதில் சொன்னார். “நாலாவது வாரம் வாளி தூக்கின பெயிண்டரு நான் இல்ல. போயிட்டு வாங்க.”

அப்புறம் பயிற்சி. மேசைமேல் துண்டைப் போட்டுக் கையை முன்னும் பின்னும் நகர்த்துவது. பிறகு சமையலறைச் சுவரில் விரல்களை நண்டுபோல ஊரவிட்டு மேலே ஏற்றுவது. எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போடுவேன். முதல் வாரம் நெஞ்சுயரம். அடுத்த வாரம் ஒரு விரல்கடை மேலே. ஒரு வாரம் ஏறவே இல்லை. அன்று முட்டையைத் தொடவில்லை. அதற்கடுத்த வாரம் மூன்று விரல்கடை. ஒருமுறை, கோட்டைச் சீக்கிரம் தாண்ட இடுப்பைச் சாய்த்தார்.

“அத்தை. சாய்றீங்க.”

“பாத்துட்டீங்களா? அந்த டாக்டர் உங்களையும் கெடுத்துட்டாரு.” நிமிர்ந்து நின்று மறுபடியும் கீழேயிருந்து தொடங்கினார்.

ஆறாவது மாத முடிவில் டாக்டர் பின்னால் நின்றுகொண்டு இறக்கச் சொன்னார். கை மெல்ல, நடுங்காமல், தொடை வரைக்கும் இறங்கி வந்தது. “போய் வேலையப் பாருங்க,” என்றார் டாக்டர். “மொதல்ல இந்த ஃபேனு...”

“உங்க ஃபேனு ரெண்டாவது சார். எங்க வீட்ல ஒண்ணு கண்ணடிச்சிக்கிட்டு கெடக்கு.”

மறுநாள் ஞாயிறு. காலை வெயில் சமையலறைத் தரையில் விழுந்திருந்தது. அத்தை மெயினை அணைத்தார். டெஸ்டரை வைத்து இரண்டு முறை பார்த்தார். ஏணியை விரித்து, ஒவ்வொரு காலையும் அழுத்திப் பார்த்து, ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டேன். இரண்டு கையும் தலைக்கு மேலே போயின. பென்சில் கோடுகளையெல்லாம் தாண்டி. கூரைப் பெட்டியின் மூடி கழன்றது.

“ஏன் மாப்ளே,” என்றார், மேலேயே பார்த்துக்கொண்டு. “பயம்னு நான் சொன்னேன். நீங்க பயந்தவரு இல்ல. இத்தன நாளு ஏன் இதத் தொடல?”

ஏணியை இறுக்கிப் பிடித்தேன்.

“அன்னிக்கு நான் சொன்னது பொய் அத்தை. அம்மாவப் பாத்துக்கோங்கன்னு அவ சொல்லல.”

ஸ்க்ரூடிரைவர் நின்றது. அத்தை கீழே பார்க்கவில்லை. கைகளையும் இறக்கவில்லை.

“பின்ன என்ன சொன்னா?”

சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அவள் சொன்னதை, சொன்ன மாதிரியே.

அத்தை பழைய டேப்பைப் பிரித்தார். ஒயரை முறுக்கினார். டேப் சுற்றினார். மூடியைத் திருகினார். ஒவ்வொரு படியாக இறங்கி வந்து மெயினைப் போட்டு, சுவிட்சைத் தட்டினார். விளக்கு சிமிட்டவில்லை. ஒரே சீராக எரிந்தது. அதன் கீழே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எம் பொண்ணுடா,” என்றார். என்னிடமா விளக்கிடமா தெரியவில்லை.

அதற்கப்புறம் அந்த வார்த்தையை அவர் சொல்லாத ஆள் இல்லை. நெட்டையிடம் சொன்னார். டாக்டரின் ஃபேனை மாட்டிக்கொண்டே ஏணி மேலிருந்து டாக்டரிடம் சொன்னார். அந்தச் சித்திக்கு போன் போட்டுச் சொன்னார். நான் மறுபடியும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். வாசலில் நின்று அவள் சொன்னது இவ்வளவுதான்:

“சமையல்கட்டு லைட்டு சிமிட்டுது. நீங்க கைய வெக்காதீங்க. அம்மா வந்து பாத்துக்குவாங்க.”